பெரட்டு நேரமும் பசியாறும் நேரமும்

காலை ஐந்தே முக்கால். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஏதோ ஓர் ஒட்டுக்கடை. தோட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில் நின்றபடியே ஒரு தே தாரிக். அதன்பிறகு ஒன்பதரை மணிக்குப் பசியாறும் வரை வாயில் ஒன்றும் போடுவதில்லை. கேட்டால், “நேற்று ராத்திரி எட்டுக்குச் சாப்பிட்டது, பதிமூன்றரை மணி நேரம் விரதம்” என்று கணக்குச் சொல்வார்கள். கணக்கு தப்பு. அந்த விரதம் ஐந்தே முக்காலுக்கே முடிந்துவிட்டது. ஒரு குவளை தே தாரிக்கில் இரண்டு மேசைக்கரண்டி டின்பால் போகிறது. ஏறக்குறைய 40 கிராம், அதில் பாதி சீனி. 20 கிராம் சீனி உள்ளே இறங்கினால் கணையம் இன்சுலினைச் சுரக்காமல் சும்மா இருக்காது. இன்சுலின் ஏறியதும் கொழுப்புக் கிடங்கின் கதவு சாத்திக்கொள்ளும். உண்ணாமல் இருந்ததன் பலன் கையில் கிடைக்கிற நேரத்தில், ஒரு குவளை அதைத் தட்டிப் பறித்துவிடுகிறது.

இடைவெளி விரதம் என்று இப்போது எல்லாரும் பேசுவதில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. எதைச் சாப்பிடுவது என்பதோடு எப்போது சாப்பிடுவது என்பதையும் கட்டுக்குள் கொண்டுவருவதுதான் அது. நம் வீடுகளில் ஒருபொழுது இருக்கும் பாட்டிமாருக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் இருக்கிற விரதத்தை இதோடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. விரதம் முடிந்ததும் வடை, பாயசம், ஜவ்வரிசி என்று இலை நிறைந்தால் சாமிக்குக் குறை இருக்காது, சர்க்கரை அளவுக்கு இருக்கும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

சாப்பிட்டு முடித்த பிறகு சில மணி நேரம் உடம்பு அந்தச் சாப்பாட்டிலிருந்தே சக்தி எடுக்கிறது. அது தீர்ந்ததும் கல்லீரலில் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜனைத் தொடும். அது சுமார் 100 கிராம்தான். ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் விடிவதற்குள் அதில் பெரும்பங்கு கரைந்துபோகும். 10-12 மணி நேரத்துக்குப் பிறகு கொழுப்பைக் கரைத்துச் செலவிடுவது கூடிக்கொண்டே போகிறது. விரதம் தொடங்கிய முதல் வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ குறைந்ததும் பலர் துள்ளிக் குதிப்பார்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு கிராம் கிளைக்கோஜன் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கிளைக்கோஜன் போனால் தண்ணீரும் கூடவே போகும். மூன்றாம் வாரத்தில் எடை நகராமல் நிற்கும்போது மனம் தளர்வதும் இந்தக் கணக்கு தெரியாததால்தான்.

“16 மணி நேரம் தாண்டினால் செல்கள் தம்மைத் தாமே சுத்தம் செய்துகொள்ளும், நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 2016-ல் ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு அந்தப் பரிசு கிடைத்தது உண்மை. அவர் அடிப்படையைக் கண்டறிந்தது ஈஸ்டில். மனித உடம்பில் சரியாகப் பதினாறாவது மணியில் அந்த வேலை ஆரம்பிக்கும் என்று கடிகாரம் வைத்துச் சொல்ல ஆதாரம் கிடையாது.

மதியம் 12 முதல் இரவு 8 வரை

இணையத்தில் அதிகம் புழங்கும் அட்டவணை இது. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்காகப் போட்டது போலிருக்கும். தோட்டத்து ஆளுக்கு இது இரண்டு வகையில் பொருந்தாது.

ஒன்று, வேலை. செம்பனைக் குலை வெட்டுகிறவர் நீண்ட கம்பின் நுனியில் அரிவாளை வைத்துத் தலைக்கு மேலே இழுக்கிறார். விழுகிற குலை ஒவ்வொன்றும் 15 முதல் 25 கிலோ இருக்கும். பன்னிரண்டு மணி வரை வெறும் வயிற்றோடு வெயிலில் நின்று, அந்த நேரத்தில் ஒரு தடவை தலை சுற்றினால் போதும், விபரீதம். 

இரண்டு, இரவுச் சாப்பாடு. உடம்பு காலையில் சர்க்கரையைக் கையாளும் திறமை இரவில் இருப்பதில்லை. அதே சோற்றை எட்டு மணிக்குச் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை கூடுதலாக ஏறும், மெதுவாக இறங்கும்.

ஆய்வுகளும் கிட்டத்தட்ட இதையே சொல்கின்றன. 2020-ல் அமெரிக்காவில் 116 பேரை வைத்து 12 வாரம் நடத்திய ஆய்வில், மதியம் 12 முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் மூன்று வேளை சாப்பிட்டவர்களுக்கும் எடைக் குறைவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. விரதம் இருந்தவர்கள் இழந்த எடையில் தசையின் பங்கு அதிகம் இருந்தது கவலைக்குரியதாகத் தெரிந்தது. அதற்கு முன், 2018-ல், இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) முந்தைய நிலையில் இருந்த 8 ஆண்களை வைத்து ஒரு சிறிய ஆய்வு நடந்தது. பிற்பகல் 3 மணிக்குள் அன்றைய கடைசிச் சாப்பாட்டை முடித்தார்கள். ஐந்து வாரத்தில் எடை குறையாமலேயே இன்சுலின் வேலை செய்யும் திறனும் ரத்தக் கொதிப்பும் சீரடைந்தன. எட்டே பேர் என்பதை மறக்க வேண்டாம். 2022-ல் சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஒரு வருடம் பார்த்தார்கள். எல்லாருக்கும் கலோரி குறைப்பு. ஒரு பாதிக்கு மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரை என்ற நேரக் கட்டுப்பாடும் உண்டு. நேரக் கட்டுப்பாடு இருந்த பக்கம் 8 கிலோ, மறுபக்கம் 6.3 கிலோ குறைந்தது. புள்ளியியல்படி அந்த வித்தியாசம் உறுதியானதல்ல. ஆக, நேரத்தைச் சுருக்குவது சாப்பாட்டின் அளவைச் சுருக்க உதவும் ஒரு வழி. அளவு குறையாவிட்டால் நேரம் மட்டும் எடையைக் குறைக்காது.

தோட்டத்துக் கடிகாரம்

இங்கேதான் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பால்மரம் வெட்டிய காலத்தில், விடிய விடிய மரத்தை வெட்டிவிட்டுப் பால் கோப்பையில் வடியும் வரை காத்திருக்கும் இடைவேளையில்தான் பசியாறுவார்கள். செம்பனைத் தோட்டத்திலும் பெரும்பாலும் ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் சாப்பாட்டுத் தூக்கு திறக்கிறது. காலையைத் தள்ளிப்போடும் வேலையைத் தோட்டமே செய்து கொடுத்துவிட்டது. நாம் அடைக்க வேண்டியது ராத்திரியை. லயத்து வீட்டிலிருந்து தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) குடிமாறிய பிறகு நம்மவர்களின் ராத்திரி நீண்டுவிட்டது. தொலைக்காட்சி, இரவுச் சந்தை, விடிய விடியத் திறந்திருக்கும் மாமாக் கடை. பத்து மணிக்கு ஒரு ரொட்டி சானாயும் ஒரு குவளை மைலோவும் யாருக்கும் சாப்பாடாகவே கணக்கில் வருவதில்லை.

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அன்றைய முதல் வாயும் கடைசி வாயும் எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுதிவையுங்கள். தண்ணீரைத் தவிர எல்லாம் கணக்கு: தேநீர், பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த சோறு, பேருந்துக்குக் காத்திருக்கும்போது கொறித்த முறுக்கு. பலருக்கு முதல் வாய்க்கும் கடைசி வாய்க்கும் நடுவே உள்ள நேரம் 15 மணி நேரத்துக்கு மேல் நீண்டிருப்பது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் தெரியவரும்.

இரண்டாம் வாரத்திலிருந்து இரவுச் சாப்பாட்டை வாரத்துக்கு அரை மணி நேரம் முன்னால் இழுங்கள். எட்டு, ஏழரை, ஏழு. ஏழுக்குச் சாப்பிட்டதும் பல் துலக்கிவிடுவது சின்ன உபாயம். பலருக்கு அதற்குமேல் வாயைத் திறக்கத் தோன்றாது. காலையில் ஐந்தே முக்கால் தேநீரைக் கோசோங் (பாலும் சீனியும் இல்லாதது) ஆக்குங்கள். உடனே முடியாவிட்டால் முதல் வாரம் டின்பாலைப் பாதியாக்கி, அடுத்த வாரம் நிறுத்துங்கள். “குராங் மானிஸ்” (இனிப்பைக் குறை) என்று சொல்வதில் ஏமாறாதீர்கள். டின்பாலே சீனிதான், சீனியைக் குறைத்தாலும் அது குவளையில் இருக்கவே இருக்கும். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகப் பயமாக இருந்தால், முதல் இரண்டு வாரத்துக்கு ஓர் அவித்த முட்டையைச் சாப்பிட்டுவிட்டே பெரட்டுக்குப் போங்கள். பிறகு அந்த முட்டையைப் பசியாறும் நேரத்துக்கு நகர்த்தலாம்.

இப்படி இரவு ஏழிலிருந்து காலை ஒன்பதரை வரை பதினான்கரை மணி நேரம் வந்துவிடும். வெயிலில் உழைப்பவர் இதற்குமேல் நீட்ட அவசியம் இல்லை. வீட்டிலிருப்பவர்களும் பட்டணத்தில் கடை, அலுவலகம் என்று வேலை செய்கிறவர்களும் காலை எட்டரை முதல் மாலை ஆறரை வரை வைத்துக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 500-600 கலோரி என்ற 5:2 முறையும் இருக்கிறது; குலை வெட்டுகிறவருக்கு அது ஒத்துவராது, உட்கார்ந்த வேலைக்காரர்கள் வேண்டுமானால் முயலலாம்.

தண்ணீரும் உப்பும்

விரத நேரத்தில் தண்ணீர், தே ஓ கோசோங், கோப்பி ஓ கோசோங் மூன்றும் தாராளமாகப் போகலாம். பாக்கெட் கோப்பி, மைலோ, இளநீர், ஹண்ட்ரட் பிளஸ் எதுவும் ஆகாது. 2019-லிருந்து அரசாங்கம் புட்டியிலும் டின்னிலும் அடைத்த இனிப்புப் பானத்துக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது, பிறகு அதைக் கூட்டவும் செய்தது. கடைக்காரர் கண்ணெதிரே கலக்கித் தரும் தே தாரிக்கை அந்த வரி தொடவே இல்லை, நம் ஊரில் அதிகம் ஓடுவது அதுதான்.

வெயிலில் வேலை செய்யும்போது 15-20 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு குவளை, அதாவது சுமார் 240 மில்லி, குடிக்க வேண்டும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருந்தால் தாமதம். கெண்டைக்காலில் பிடிப்பு, தலைவலி, எழுந்து நிற்கும்போது கண் இருட்டுவது எல்லாம் பெரும்பாலும் பசியால் வருவதில்லை. தண்ணீரும் உப்பும் குறைந்த அடையாளம். ரத்தக் கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்கள் ஒரு லிட்டர் தண்ணீரில் கால் தேக்கரண்டிக்கும் குறைவான உப்பைக் கலந்து எடுத்துப் போகலாம். முதல் மூன்று நாளில் வரும் தலைவலிக்கு வேறொரு காரணமும் உண்டு: தினம் நாலு குவளை தேநீர் குடித்தவர் ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினால் காஃபின் இல்லாமல் தலை இடிக்கும். பாலைத்தான் நிறுத்தச் சொன்னோம், தேயிலையை அல்ல.

சாப்பிடும் நேரத்தில் என்ன?

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பதினான்கு மணி நேரம் அடக்கிய பசியை ஒரு தட்டு மீ கோரெங்கில் தீர்த்தால் கலோரிக் கணக்கு பழையபடிதான் நிற்கும். அதைவிட மோசம், தசை கரைவது. எடை குறைக்கிற காலத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 70 கிலோ ஆளுக்கு 70-84 கிராம். கேட்கும்போது பெரிதாகத் தெரியும், தட்டில் வைத்துப் பார்ப்போம்.

காலை ஒன்பதரைக்கு இரண்டு முட்டை 12 கிராம். அதோடு சின்ன டின் சார்டினில் பாதி, இன்னொரு 12. இரண்டு மணிக்கு வீடு திரும்பியதும் சமைத்த கோழியோ கெம்போங் மீனோ 100 கிராம், அதில் 25. 40 கிராம் பருப்பில் வைத்த கெட்டிக் குழம்பு, 10. மாலை ஆறரைக்கு 100 கிராம் தெம்பே, 19. கூட்டினால் 78. செலவும் அதிகமில்லை. சமைத்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி. தட்டு நிறையக் குவித்தால் 300 கிராம் சுலபமாகப் போய்விடும். சுகாதார அமைச்சு சொல்லும் ‘சூகு-சூகு செபாரோ’ இங்கே கைகொடுக்கும்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கறியோ, பாதி காய்கறி. உருளைக்கிழங்குப் பிரட்டல் அந்தப் பாதியில் சேராது, சோற்றுப் பங்கில்தான் சேரும். காய் குறைந்தால் இரண்டாம் வாரத்தில் மலச்சிக்கல் வந்து நிற்கும்.

மருந்து சாப்பிடுகிறவர்கள்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படிக்க வேண்டும். 2019-ம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. தோட்டப்பட்டணத்தில் விரதம் இருக்க ஆசைப்படும் மூன்று பேரில் ஒருவர் ஏற்கனவே இனிப்பு நீர் உள்ளவராக இருக்கலாம் என்று வைத்துத்தான் பேச வேண்டும்.

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகும் அபாயம் குறைவு. அதைச் சாப்பாட்டோடு, ஒன்பதரைக்கும் மாலைக்கும் மாற்றிக்கொள்ள முடியும். கிளிக்லாஸைட் அப்படியல்ல. அது கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளுகிற மாத்திரை. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. பழக்கதோஷத்தில் காலை ஐந்தரைக்கு அதைப் போட்டுக்கொண்டு ஒன்பதரை வரை சாப்பிடாமல் குலை வெட்டினால் சர்க்கரை கிடுகிடுவென இறங்கும். இன்சுலின் ஊசி போடுபவருக்கும் இதே கதி. இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும், அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரைப் பார்த்து அளவையும் நேரத்தையும் மாற்றிய பிறகே தொடங்க வேண்டும். பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான். போகும்போது அந்த நாட்காட்டித் தாளையும் எடுத்துப் போங்கள்; “எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்” என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது.

வேர்வை திடீரென்று குளிர்ந்து கொட்டுவது, கை நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் சர்க்கரை தாழ்வதன் அறிகுறிகள். வெயிலில் எப்படியும் வேர்க்கும் என்பதால் தோட்டத்தில் முதல் அறிகுறி கண்ணுக்குத் தப்பிவிடும். கருவியில் 3.9 மில்லிமோலுக்குக் கீழே காட்டினால் அந்த நிமிடமே விரதத்தை முறிக்க வேண்டும்: மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, ஏறாவிட்டால் இன்னொரு தடவை. ஏறியபின் சாப்பிட வேண்டும். சட்டைப்பையில் ஒரு பொட்டலம் சீனி இருக்கட்டும். 16.6-க்கு மேலே போனாலும் விரதம் அன்றைக்கு முடிந்தது. சாயங்காலம் கள்ளோ பீரோ குடிக்கும் பழக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வெறும் வயிற்றில் மது, கல்லீரல் சர்க்கரை விடுவதைத் தடுக்கும். கிளிக்லாஸைட்டும் அதோடு சேர்ந்தால், தூக்கத்திலேயே சர்க்கரை தாழும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தெரியாது.

விரதம் ஒழுங்காகப் போகும்போதும் காலைச் சர்க்கரை 7, 7.5 என்று காட்டிச் சிலரைக் குழப்பும். விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்கள் கல்லீரலிலிருந்து சர்க்கரையை இறக்கிவிடுவதுதான் காரணம். ஒரு காலை அளவை வைத்து முடிவெடுக்காமல், மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) பார்க்க வேண்டும். மலேசிய மருத்துவ வழிகாட்டுதலில் 6.3 விழுக்காட்டிலிருந்து இனிப்பு நீர் என்று கொள்கிறார்கள்.

முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக்கோ மெஃபனாமிக் அமிலமோ போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். அதை வெறும் வயிற்றில் ஐந்தரைக்கு விழுங்கினால் கேஸ்டிரிக் வரலாம், சிலருக்குக் குடலில் ரத்தக் கசிவும் வரும். சாப்பிட்ட பிறகுதான் அந்த மாத்திரை. யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குகிறவர்களுக்கு நீண்ட பட்டினி அதைக் கிளறிவிடலாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், முதல் வகை இனிப்பு நீர் உள்ளவர்கள், ஏற்கனவே மெலிந்திருப்பவர்கள், சாப்பாட்டைப் பார்த்தாலே மனக்குழப்பம் வந்து சிகிச்சை எடுத்தவர்கள், இவர்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம்.

2024-ல் ஒரு செய்தி எல்லாக் கைத்தொலைபேசியிலும் ஓடியது: எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுகிறவர்கள் இதய நோயால் சாகும் அபாயம் 91 விழுக்காடு அதிகம் என்று. அமெரிக்க இதயச் சங்கத்தின் மாநாட்டில் வைத்த சுருக்கம் அது. சுமார் 20,000 பேரிடம் இரண்டே நாள் சாப்பாட்டைக் கேட்டு, பிறகு பல வருடம் யார் இறந்தார்கள் என்று பார்த்த கணக்கு. அந்த இரண்டு நாளும் ஏன் குறைந்த நேரத்தில் சாப்பிட்டார்கள், நோயாலா, வறுமையாலா, விரதத்தாலா என்பதை அது பிரித்துச் சொல்லாது. பயந்து விடவும் வேண்டாம், இதய நோய் உள்ளவர்கள் அலட்சியமாகத் தொடங்கவும் வேண்டாம்.

இரவு வேலை

பட்டணத்தை ஒட்டிய தொழிற்சாலைகளில் இரவு ஏழு முதல் காலை ஏழு வரை வேலை செய்யும் பெண்கள் பலர். இவர்களுக்கு மேலே சொன்ன கடிகாரம் ஒத்துவராது. தூங்கி எழுந்து இரண்டரைக்கு முதல் சாப்பாடு, பேருந்து ஏறும் முன் ஆறுக்கு முழுச் சாப்பாடு, பத்தரை இடைவேளையில் வீட்டிலிருந்து கொண்டுபோன முட்டையோ சுண்டலோ. நள்ளிரவுக்குப் பிறகு தண்ணீரும் கோசோங்கும் மட்டும். காலை ஏழரைக்குப் பசி வந்து தூக்கம் பிடிக்காவிட்டால் லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். தூக்கத்தைக் கெடுக்கும் விரதத்தால் நன்மை இல்லை. தூக்கம் கெட்டால் மறுநாள் பசிதான் கூடும். வேலை நேரம் மாறுகிற நாட்களில் மணிக்கணக்கே பார்க்க வேண்டாம்.

எடையை வாரம் ஒரு தடவை, ஒரே கிழமையில், காலைக்கடன் முடித்துப் பாருங்கள். அதைவிட இடுப்பு நாடா உண்மை பேசும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எல்லை. 80 கிலோ ஆள் மூன்று மாதத்தில் 2 முதல் 4 கிலோ குறைத்தால் அது நல்ல வேகம்.

கல்யாண ராத்திரிகளை என்ன செய்வது என்று கேட்பார்கள். மண்டபத்தில் ஒன்பது மணிக்கு முன் பந்தி போட மாட்டார்கள், சாப்பிடாமல் எழுந்து வந்தால் பெண் வீட்டார் கோபித்துக்கொள்வார்கள். போய்ச் சாப்பிடுங்கள். அதை ஈடுகட்ட மறுநாள் மதியம் வரை பட்டினி கிடப்பதுதான் தப்பு. சாயங்காலம் அந்தப் பசி இரட்டிப்பாகித் திரும்பி வரும். மறுநாளும் பசியாறுவது அதே ஒன்பதரைக்கு, அதே இரண்டு முட்டையோடு.